தகரப்பெட்டியும் கைத்தொலைபேசியும்



இலக்கிய நிகழ்ச்சி ஒன்றிலே கைத்தொலைபேசியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் பேச வந்தது கைத்தொலைபேசியைப் பற்றி மட்டுமன்று. எங்கள் வீட்டிலுள்ள ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியைப் பற்றியுந்தான். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பை நீங்கள் வழங்கலாம்.

மாத்தளை மாவட்டத்திலே, றத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். லயத்திலே பிறந்தவர்களுக்கு ஒரு குறை உண்டு. பட்டணத்திலே ஒருவருக்கு இலக்கமும் வீதியும் கொண்ட முகவரி இருக்கும். எங்களுக்கு அது இல்லை. பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர் அவ்வளவே. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். அங்கிருந்து யார் மூலமாகவோ, எப்போதோ எங்கள் கைக்கு வரும். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் பிரித்துப் பார்த்த பிறகு உரியவருக்கு வந்து சேரும். தோட்ட மக்களுக்குத் தனி முகவரி வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுப்பப்பட்டு வருவது இதனாலேதான்.

1992 ஆம் ஆண்டிலே என் அண்ணனுக்குக் கண்டியில் ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. கடிதம் எங்கள் கைக்குக் கிடைத்தபோது, பரீட்சை முடிந்து இரண்டு நாட்களாகிவிட்டன. எவரும் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லமாட்டேன். ஒரு மேசை லாச்சிக்குள் அது கிடந்துவிட்டது, அவ்வளவுதான். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த வாரம் கொழும்புக்குப் பஸ் ஏறினார், கடையிலே வேலைக்கு.

அன்று தொடங்கியது என் எழுத்து வேலை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினாலு வயதுப் பிள்ளையான நான்தான் அவருடைய எழுத்தர். மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, அடுப்பு மூட்டி, பிறகு குப்பிலாம்பின் அருகே உட்கார்ந்து அம்மா சொல்லுவார். நான் எழுதுவேன். “நலம், நலமறிய ஆவல்” என்று நான் பள்ளிக்கூடத் தமிழில் தொடங்குவேன். “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குன்னு மொதல்ல எழுது” என்பார். மழையில்லாமல் அந்த மாதம் அரைப்பேர்தான் விழுந்தது, மிளகுக்கு விலை இறங்கிவிட்டது, மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேரையும் பார்த்தோம், நீ இல்லாத குறைதான் என்று கடிதம் நீளும். நான் அவருடைய பேச்சைத் திருத்தி எழுதிவிட்டால், வாசித்துக் காட்டும்போது கண்டுபிடித்துவிடுவார். “நான் இப்பிடிச் சொல்லலியே” என்று மறுபடி எழுதச் சொல்லுவார். நான் பட்டதாரியாகி, பயிற்சியும் பெற்று, தமிழாசிரியனாக வந்த பின்னரும் அப்படியொரு கண்டிப்பான ஆசிரியரை நான் சந்தித்ததில்லை.

காலம் மாறியது. இலங்கையில் முதலாவது கைத்தொலைபேசிச் சேவை 1989 இல் தொடங்கியது. இணையச் சேவை 1995 இல் பொதுமக்களுக்குக் கிடைத்தது. ஆனால் எங்கள் லயத்துக்கு அவையெல்லாம் உடனே ஏறி வரவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு சிறிய கைத்தொலைபேசி 2007 இல் வந்தது. அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார். அம்மா அதை மஞ்சள் துணியிலே சுற்றிச் சாமிப்படத்தருகே வைத்திருந்தார்.

இந்த இடத்திலே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். கைத்தொலைபேசியைக் குறை கூறுவது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், வாசிப்புக் குறைகிறது, தமிழை ஆங்கில எழுத்திலே எழுதுகிறார்கள் என்றெல்லாம் மேடையிலே பேசுகிறோம். அவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் லயத்து மனிதனுக்குக் கைத்தொலைபேசி என்னவாக வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அது அவனுக்கு முகவரியாக வந்தது. பத்து இலக்கங்கள் கொண்ட முகவரி. ஆபிசுக்குப் போகாமல், எந்த லாச்சிக்குள்ளும் கிடக்காமல், செய்தி நேரே அவனுடைய கைக்கு வந்தது. 1992 இல் அப்படியொன்று இருந்திருந்தால் அண்ணனுடைய வாழ்க்கை வேறாக இருந்திருக்கலாம்.

பிறகு 2017 அளவில் ஸ்மார்ட் போன் வந்தது. எழுதத் தெரியாத அம்மாவுக்கு வட்ஸ்அப்பின் குரல் செய்தி பெரிய விடுதலையாக அமைந்தது. ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால் போதும். எழுத்தர் தேவையில்லை. “ஒன்னய நம்பிக்கிட்டு இனிமே இருக்க வேணாம் தம்பி” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணனுக்குக் காலையிலும் மாலையிலும் பேசி அனுப்புவார். சமையல், சண்டை, கனவு, பழைய கதை, தான் இளமையில் மலையிலே பாடிய பாட்டு எல்லாம் அதில் இருந்தன.

2020 மார்ச்சிலே கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்குள் வந்தன. மலைநாட்டிலே பிள்ளைகள் சிக்னல் தேடி அலைந்ததை நீங்கள் அறிவீர்கள். 2021 இல் போகிட்டியாவ என்ற மலைக்கிராமத்து மாணவர்கள் காட்டுவழியே நடந்து, குன்றின் உச்சியில் ஏறி நின்று பாடம் பெற்றதை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள்கூடப் படம்பிடித்து வெளியிட்டன. எங்கள் வீட்டிலே அம்மாவின் தொலைபேசிதான் என் மகளுக்கு வகுப்பறையாயிற்று. ஒருநாள், இடம் நிறைந்துவிட்டது, இனிப் பாடம் இறங்காது என்று அது அறிவித்தது. “அப்பா, என்ன செய்ய?” என்று மகள் கேட்டாள். “பழைய குரல் செய்திகளை அழித்துவிடு மகள், இடம் வரும்” என்று சொன்னவன் நான்தான். அம்மாவும் பக்கத்திலேதான் இருந்தார். பேத்தியின் படிப்புக்கென்றால் அவர் எதைத்தான் மறுப்பார்? தலையை ஆட்டினார்.

2022 இல் அம்மா காலமானார். எட்டுச் சடங்கு முடிந்த இரவு, அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்த பிஸ்கட் தகரப்பெட்டியைத் திறந்தார். அம்மா சொல்ல நான் எழுதிய கடிதங்கள், 43, வரிசையாக நூலிலே கட்டப்பட்டிருந்தன. என்னுடைய சிறுவயது எழுத்தும் அம்மாவின் பேச்சும் அப்படியே இருந்தன. பிறகு நாங்கள் அம்மாவின் குரலைத் தேடினோம். அம்மாவின் தொலைபேசியில் இல்லை. நான் அழிக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. அண்ணனுடைய தொலைபேசியிலாவது இருக்கும் என்று பார்த்தோம். அவர் இடையிலே இரண்டு தொலைபேசிகளைப் புறக்கோட்டையில் கொடுத்து மாற்றியிருந்தார். ஒரு குரல் செய்திகூட மிஞ்சவில்லை.

நம்மில் பலர் நினைப்பதுபோல, அனுப்பிய செய்திகளெல்லாம் எங்கோ ஒரு பெரிய களஞ்சியத்தில் என்றும் பத்திரமாக இருப்பதில்லை. வட்ஸ்அப் போன்ற சேவையிலே செய்தி உரியவரிடம் சேர்ந்ததும் அவர்களுடைய கணினியிலிருந்து நீக்கப்பட்டுவிடுகிறது. பிறகு அது இருப்பது அனுப்பியவர், பெற்றவர் ஆகிய இருவரின் கருவிகளில் மட்டுமே. தனியாகப் பிரதி எடுத்து வைக்காவிட்டால் கருவியோடு அதுவும் போய்விடும். கடிதம் பிந்தி வந்தது, ஆனால் இருந்தது. குரல் உடனே வந்தது, ஆனால் இருக்கவில்லை. நான் முதலிலே சொன்ன வழக்கு இதுதான்.

இந்த வழக்கு புதியதன்று. மாத்தளை நகரிலிருந்து வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் வீதியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரத்திலே அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்திலே, அதுவரை பிக்குமார் மனப்பாடமாகவே காத்துவந்த திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. ஏன் எழுதினார்கள்? பஞ்சமும் போரும் வந்தன. மனப்பாடம் செய்தவர் இறந்தால் அவரோடு அந்தப் பகுதியும் இறந்துவிடும் என்ற அச்சம் வந்தது. ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் பூசி எழுத்தைத் தெரியவைக்கும் அந்தத் தொழில்நுட்பத்தை இன்றும் அங்கு செல்வோர் காணலாம். எழுதி வைத்த பின்னும் ஆபத்து நீங்கவில்லை. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் பல அழிந்தன. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் இழந்தோம். எழுதுவது ஒரு வேலை, எழுதியதைக் காப்பது இன்னொரு வேலை என்பதை இந்த இரண்டும் நமக்குக் காட்டுகின்றன.

இனி எங்கள் மக்களின் கதைக்கு வருகிறேன். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலே இறந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வழியைப் பற்றித் துரைமார் எழுதியிருக்கிறார்கள், அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள். நடந்தவர்கள் கையால் எழுதப்பட்ட நாட்குறிப்பு எங்கே? அவர்களிடம் பாட்டு இருந்தது, ஏடு இருக்கவில்லை. அந்தப் பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் திரட்டி நூலாக்கியதால் ஒரு பகுதி பிழைத்தது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் போன்றோர் கதைகளாக எழுதியதால் இன்னொரு பகுதி பிழைத்தது.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவதையொட்டி 2023 ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடைபெற்றது. அதே வழி. இம்முறை நடந்தவர்கள் கைகளிலே கைத்தொலைபேசி இருந்தது. தங்கள் நடையைத் தாங்களே படம்பிடித்தார்கள், தாங்களே பேசிப் பதிவு செய்தார்கள். முன்னோருக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. நான் கேட்பதெல்லாம், அந்தப் படங்களும் பேச்சுகளும் இன்று எங்கே இருக்கின்றன? எத்தனை பேருடைய தொலைபேசியிலே, இடம் போதவில்லை என்று அவை அழிக்கப்பட்டுவிட்டன?

வழி இல்லாமலில்லை. 1998 பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவருகிறது. நம் நாட்டவர் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மட்டுமன்றி, மலையகம் சார்ந்த ஆவணங்களையும் குரற்பதிவுகளையும் சேர்த்துவருகிறது. ஆனால் லயத்துப் பாட்டியின் கதையை அவர்கள் வந்து எடுப்பார்கள் என்று நாம் காத்திருக்க முடியாது.

ஆகவே என் வகுப்பிலே ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை, மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரின் பேச்சை, அவருடைய சம்மதத்தோடு, ஐந்து நிமிடம் கைத்தொலைபேசியில் பதிவு செய்யவேண்டும். பிறகு அதைத் தமிழ் எழுத்திலே அப்பியாசக் கொப்பியில் எழுதவேண்டும். திகதி, இடம், பேசியவர் பெயர் கட்டாயம். சொன்னபடியே எழுதவேண்டும், திருத்தக்கூடாது. இது அம்மாவிடம் நான் கற்ற விதி. பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் வசதி இப்போது இருக்கிறதே என்று ஒரு மாணவன் கேட்டான். பரீட்சித்துப் பார்த்தோம். ‘பிரட்டு’ என்று ஒரு பாட்டி சொன்னதை அது ‘புரட்டு’ என்று எழுதியது. பிரட்டுக் களத்திலே அதிகாலையில் குளிரில் நின்றவர்களுடைய சொல்லை அந்தக் கருவி இன்னும் கற்கவில்லை. நாம் எழுதி வைத்தால்தானே அது கற்கும்?

‘இதை எழுதி என்ன வரப்போகுது?’ என்று சில முதியவர்கள் கேட்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழிதான். ஆனால் கொடி பட்டுப்போன பிறகு, அப்படியொரு சுரைக்காய் இருந்தது என்பதற்கு ஏடுதானே சாட்சி?

சென்ற தைப்பொங்கலுக்கு அண்ணன் வந்திருந்தார். இருவரும் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா அனுப்பிய குரல் செய்திகளில் நினைவிலிருப்பதை அவர் சொன்னார், நான் எழுதினேன். ஐந்து வருடப் பேச்சிலே நாலு பக்கம் தேறியது. அதைப் பழைய 43 கடிதங்களோடு தகரப்பெட்டியில் வைத்திருக்கிறோம்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் கைத்தொலைபேசி இடமில்லை என்று சொன்னால், அழிப்பதற்கு முன்பு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். யாருடைய குரல் என்று பாருங்கள். முடிந்தால் வேறோரிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். முடியாவிட்டால் ஒரு கொப்பியை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.