மருந்தும் துணையும்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் முடிகின்றது. மருந்து தனித்து நின்று வெல்வதில்லை. அதற்குத் துணை வேண்டும். இவ்வுண்மையை மூளைப் புற்றுநோய் ஒன்றைக் கொண்டு இன்று சிந்திப்போம்.

மூளையில் தோன்றும் கட்டிகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று கிளியோபிளாஸ்டோமா. அது வேர்போல நல்ல மூளைக்குள்ளும் பரவுவதால் சத்திரசிகிச்சையினால் முற்றாகக் களைந்தெடுக்க இயலாது. மேலும், குருதியிலுள்ள நஞ்சு மூளையைச் சேராதவாறு இயற்கை ஓர் அரண் அமைத்திருக்கின்றது. அவ்வரண் மருந்துகள் பலவற்றையும் தடுத்துவிடுகின்றது.

அரணைக் கடக்கவல்ல மருந்துகளுள் ஒன்று டெமோசோலமைட். 573 நோயாளர் பங்குபற்றிய ஆய்வொன்று 2005ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கதிர்ச்சிகிச்சை மாத்திரம் பெற்றோருள் இரண்டாண்டு கடந்தும் வாழ்ந்தவர் நூற்றுக்குப் 10 பேர். அதனோடு இம்மருந்தையும் பெற்றோருள் 26 பேர். ஏனையோருக்கு ஏன் அவ்வளவு பயன் கிட்டவில்லை?

இம்மருந்து புற்றுக் கலத்தின் டி.என்.ஏ.யில் வடுச் செய்கின்றது. கலத்திலுள்ள எம்.ஜி.எம்.டி. என்னும் புரதம் காவலனாக நின்று அவ்வடுவை நீக்கிவிடுகின்றது. ஒரு வடுவை நீக்கியதும் அப்புரதமும் செயலிழந்து போகும். ஆயினும் அது மிகுந்துள்ள கட்டியில் மருந்தின் வலிமை குன்றுகின்றது.

"அக்காவலனை வேறொரு மருந்தால் முடக்கினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சியாளரும் அவ்வாறே எண்ணி, பென்சைல்குவானைன் என்னும் மருந்தைச் சேர்த்துப் பார்த்தனர். ஆனால் எலும்பு மச்சையின் நற்கலங்களும் அதே காவலனை நம்பியிருப்பவை. காவல் நீங்கவே அவையும் கேடுற்றன. டெமோசோலமைட்டுக்கு அடங்காத கிளியோபிளாஸ்டோமாவில் எதிர்பார்த்த பயனும் கிட்டவில்லை.

காவலன் இயல்பாகவே உறங்கிக் கிடக்கும் கட்டிகளும் உள. அத்தகைய நோயாளர் 129 பேரிடம் ஜெர்மனியில் லொமுஸ்டின் என்னும் மருந்தையும் டெமோசோலமைட்டையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். டெமோசோலமைட் மட்டும் பெற்றோருள் பாதிப்பேர் ஏறத்தாழ 31 மாதம் கடந்து வாழ்ந்தனர். இரண்டையும் பெற்றோருள் பாதிப்பேர் 48 மாதம் கடந்து வாழ்ந்தனர். ஆய்வு சிறியது, இதை இறுதித் தீர்ப்பெனக் கொள்ளலாகாது. ஆயினும் இன்ன கட்டிக்கு இன்ன கூட்டு என்று அறிந்து கொடுப்பதே வழி என்பது இதனாற் புலனாகின்றது.

கூட்டு மருந்தின் பெருமையைக் காசநோயிலும் உலகம் கண்டது. சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வில் நோயாளர் வீட்டிலிருந்தே இரு மருந்துகளை உட்கொண்டு நலம் பெற்றனர். அவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளுகின்றனரா என்று வீடு சென்று பார்ப்பதும் அச்சிகிச்சையின் ஒரு பகுதியாயிருந்தது. நான்காவது துணையின் அருமை இதுவே.

அத்துணை நாமே அல்லவா? மூளைக் கட்டிக்குக் கதிர்ச்சிகிச்சை வழக்கமாக ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். அக்காலம் முழுவதும் மருந்தும் தினந்தோறும் உட்கொள்ளவேண்டும். கலகாவிலோ புசல்லாவையிலோ தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு முப்பது முறை வந்துபோவது எங்ஙனம்? அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பஸ் செலவும் இழந்த கூலியும் உண்டு. கூட வர ஆளில்லாமையால் சிகிச்சை நடுவழியில் நின்றால், உலகம் கண்டுபிடித்த கூட்டு மருந்தெல்லாம் அவருக்கு எதற்கு?

இளைஞர்களே, முறைவைத்து நோயாளியுடன் செல்லுங்கள். நகரில் வீடுள்ள அன்பர்கள் ஆறு வாரத்துக்கு ஓர் அறை கொடுத்துதவலாம். நாட்டு மருந்து ஏதும் உட்கொண்டால் அதனை வைத்தியரிடம் மறையாது சொல்லச் செய்யுங்கள். மருந்தோடு மருந்து சேர்ப்பது அறிந்தவர் செய்யும் காரியம். வீட்டிற் செய்து பார்ப்பதன்று.

பெரியோர்களே, காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, புதிதாய்த் தோன்றும் வலிப்பு, கைகால் சோர்தல், குணமாறுதல் ஆகியவற்றைக் கண்டால் பேய்க்குற்றமென்று நாட்கழிக்க வேண்டாம். நேர்த்தி வையுங்கள், அன்றே வைத்தியசாலைக்கும் அழைத்து வாருங்கள்.

இந்நோய் முற்றாகத் தீரும் என்று எவருக்கும் நாம் வாக்களிக்க முடியாது. ஆனால் தனியாக விடமாட்டோம் என்று வாக்களிக்கலாம். அவ்வாக்கை இன்றே அளிப்போமாக.