தூக்குக்குண்டும் செங்குத்து வீழ்ச்சியும்

(திங்கட்கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு)

ஆங்கிலச் செய்தித்தாள்களில் 'பிளம்மெட்' என்றொரு சொல் அடிக்கடி வரும். விலை வீழ்ந்தாலும், வெப்பநிலை வீழ்ந்தாலும், வானூர்தி வீழ்ந்தாலும் அதனை ஆள்வர். அதன் பொருளை என் வகுப்பில் வினவினேன். "சரிவு ஐயா" என்றான் ஒருவன். நம் செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதுகின்றன. அது பொருந்துமா?

முதற்கண் அச்சொல்லின் பிறப்பைக் காண்போம். இலத்தீனில் 'பிளம்பம்' என்பது ஈயம். ஈயக்குழாய் அமைத்தவன் பெயரே 'பிளம்பர்' என இன்றும் வழங்குகிறது. பழம் பிரஞ்சு வழியாக வந்த 'பிளம்மெட்', 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நூலிற் கட்டிய ஈயக்குண்டைக் குறித்தது. அதுகொண்டு கொத்தன் சுவரின் நேர்மை பார்த்தான். கடலோடி நீரின் ஆழம் அளந்தான். அக்குண்டுபோல் நேரே விரைந்து வீழ்தல் என்னும் வினைப்பொருள் 20-ஆம் நூற்றாண்டிலேதான் பெருவழக்காயிற்று.

இதைச் சொல்லி அக்குண்டைக் கரும்பலகையில் வரைந்தேன். "இதற்குத் தமிழில் என்ன பெயர்?" என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான், வாய்திறவாமல் அமர்ந்துவிட்டான். கொத்தனார் மகன் அவன். பின்னர்த் தனியே அழைத்துக் கேட்டேன். "தூக்குக்குண்டுங்க ஐயா. அப்பாவிடம் இருக்கிறது. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை" என்றான்.

அன்பர்களே! என் நெஞ்சு சுட்டது. ஆங்கிலேயன் தன் கொத்தனின் கருவிப்பெயரை உலகெங்கும் உலவவிட்டான். நம் பிள்ளையோ தந்தையின் கருவிப்பெயரைச் சொல்ல நாணுகிறான்! அவனை நாணச் செய்தவர் யாவர்? தொழிலாளர் சொல்லை இழிந்ததென ஒதுக்கிய, கற்றோராகிய நாமேயன்றோ?

இனிப் பொருளுக்கு வருவோம். தமிழில் இலை உதிரும், மரம் சாயும், சுவர் இடியும், படகு கவிழும், மணல் சரியும். ஆலின் கிளையினின்று நேரே இறங்குவதை 'விழு' என்னும் வினையடியாக விழுது என்றோம். இத்துணை நுட்பம் கண்ட மொழியில் எல்லா வீழ்ச்சிக்கும் 'சரிவு' என ஒரே சொல்லா? சரிவு சாய்வுடையது. 'பிளம்மெட்' நேர்க்கீழானது, விரைவும் பேரளவும் உடையது. ஓரிரு காசு விலை குறைவதற்கு அச்சொல் பொருந்தாது. 1987 அக்தோபர் 19-ஆம் நாள் நியூயார்க்குப் பங்குச்சந்தையில் தவ்-சோன்சுக் குறியீட்டெண் ஒரே நாளில் 508 புள்ளிகள், அஃதாவது 22.6 விழுக்காடு வீழ்ந்தது. அதற்கே அச்சொல் பொருந்தும்.

தூக்குக்குண்டின் நூல் காட்டும் கோடே செங்குத்து. ஆகவே 'செங்குத்து வீழ்ச்சி' என்க. வினையாயின் 'செங்குத்தாய் வீழ்ந்தது' என்க. சிறு குறைவைக் 'குறைந்தது', 'இறங்கியது' என்றே எழுதுக.

மறுநாள் அம்மாணவனையே தூக்குக்குண்டைக் கொணரச் செய்தேன். வகுப்புச் சுவரின் நேர்மையை அவனே பார்த்துக் காட்டினான். ஒருவரும் சிரிக்கவில்லை, "எனக்கும் கொடு" என்று கை நீட்டினர்.

உங்கள் ஊர்க் கொத்தரிடமும் தச்சரிடமும் கொல்லரிடமும் செல்லுங்கள். அவர்தம் கருவிப்பெயர்களைக் கேட்டெழுதுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.