சோலார் பேட்டரிக்கு ஏற்ற கண்ட்ரோலர்: எண்ணைப் பார்த்து வாங்குவோம்



இன்று சோலார் விளக்கைப் பற்றிப் பேசுவோம். சோலார் என்றதும் கூரைமேல் இருக்கும் பேனல்தான் கண்ணில் படும். அடுத்தது பேட்டரி. அதற்குத்தான் அதிகப் பணம் கொடுக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் சார்ஜ் கண்ட்ரோலர். அதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பேட்டரி பல ஆண்டு உழைக்குமா, சீக்கிரமே கெட்டுப்போகுமா என்பது பெரும்பாலும் அந்தப் பெட்டியைப் பொறுத்தது.

இதை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு சௌபாக்யா என்ற மின் இணைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மின்கம்பம் நட முடியாத தொலைதூர ஊர்களில், வீட்டுக்கு 200 முதல் 300 வாட் வரை சோலார் பேனல் தருவதாகத் திட்டம். கூடவே பேட்டரி, 5 எல்.இ.டி. விளக்கு, 1 மின்விசிறி, 1 ப்ளக். 5 ஆண்டுகளுக்குப் பழுது பார்ப்பதும் அதில் அடங்கும். அப்போது போட்ட வீடுகளுக்கு அந்த 5 ஆண்டு முடிந்துவிட்டது. பேனல் 20 ஆண்டுக்கு மேலும் உழைக்கும். பேட்டரி அப்படி அல்ல. இனி பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் நம் கைக்காசுதான்.

கடைக்குப் போனால், "லித்தியம் பேட்டரி வாங்குங்கள். எடை குறைவு. தண்ணீர் ஊற்ற வேண்டாம். நெடுநாள் வரும்" என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பழைய கண்ட்ரோலர் புதிய பேட்டரிக்குப் பொருந்துமா? இதைக் கேட்காமல் வாங்கினால், பாடுபட்டுச் சேர்த்த பணம் வீணாகும்.

கண்ட்ரோலர் என்ன செய்கிறது?

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. ஏரி நிரம்பியதும் வரத்தை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கரை உடையும். ஏரி வற்றும்போது பாசன மடையை மூட வேண்டும். இல்லாவிட்டால் சேறுதான் மிஞ்சும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு மடைக்காரர் இருப்பார்.

பேனல்தான் வாய்க்கால். பேட்டரிதான் ஏரி. கண்ட்ரோலர்தான் மடைக்காரர். பேட்டரி நிரம்பியதும் வரத்தை நிறுத்துவது அதன் வேலை. பேட்டரி காலியாகும் முன் விளக்கை அணைப்பதும் அதன் வேலை. இரவில் பேட்டரியில் உள்ள மின்சாரம் பேனலுக்குத் திரும்பிப் போகாமலும் அது தடுக்கும்.

வோல்ட் என்பது தண்ணீரின் மட்டம் மாதிரி. ஆம்ப் என்பது ஓடும் தண்ணீரின் அளவு மாதிரி. வோல்ட்டை ஆம்ப்பால் பெருக்கினால் வாட் வரும். இந்தக் கணக்கு போதும்.

பழைய கண்ட்ரோலர் ஏன் பொருந்தாது?

பழைய ஆசிட் பேட்டரிக்கு ஒரு பழக்கம் உண்டு. அதில் கனமான ஆசிட் அடியில் தங்கிவிடும். அதைக் கலக்க, சில கண்ட்ரோலர்கள் மாதம் ஒருமுறை வோல்ட்டை 15 வரைகூட ஏற்றும். பேட்டரி நிரம்பிய பிறகும் 13.8 வோல்ட் அளவில் பிடித்து வைத்திருக்கும்.

லித்தியத்துக்கு இந்த இரண்டுமே வேண்டாம். அதில் கலக்க வேண்டிய ஆசிட் இல்லை. வோல்ட்டை அளவுக்கு மீறி ஏற்றினால் அதன் அறைகள் கெடும். எப்போதும் முழுதாக நிரம்பியபடியே வைத்திருந்தாலும் ஆயுள் குறையும்.

"பேட்டரிக்குள்ளேயே பாதுகாப்பு இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பி.எம்.எஸ். என்ற பலகை உள்ளே இருக்கும். எல்லை மீறினால் அது மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆனால் அது கடைசிக் காவல். வீட்டுக்குப் பூட்டு இருக்கிறது என்று வாசல் கதவைத் தினமும் இடிக்க விடுவோமா? அந்தப் பலகைக்கு அடிக்கடி வேலை வைக்காமல் இருப்பதுதான் நல்ல கண்ட்ரோலருக்கு அழகு.

பார்க்க வேண்டிய நான்கு எண்கள்

பெட்டியில் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். எண் நமக்குத் தெரிந்த எண்தான்.

முதல் எண்: பேட்டரியின் வோல்ட். லித்தியம் என்ற பெயரில் பல வகை உண்டு. வீட்டு சோலாருக்கு அதிகம் வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் 3.2 வோல்ட் அறைகள் நான்கு இருக்கும். ஆகவே லேபிளில் 12.8 வோல்ட் என்று இருக்கும். இன்னொரு வகையில் 3.7 வோல்ட் அறைகள் மூன்று இருக்கும். அதன் லேபிளில் 11.1 வோல்ட் என்று இருக்கும். கடையில் இரண்டையும் "12 வோல்ட் லித்தியம்" என்றே சொல்வார்கள். இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது எண்: நிரம்பும் வோல்ட். 12.8 வோல்ட் பேட்டரி 14.2 முதல் 14.6 வோல்ட்டில் நிரம்பும். 11.1 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டிலேயே நிரம்பிவிடும். அதற்கு 14.4 வோல்ட் கொடுத்தால் பேட்டரி சூடாகும், உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். இங்கே ஓர் எண்ணைத் தவறாகப் படித்தால் வீட்டுக்கே ஆபத்து. ஆகவே கண்ட்ரோலரில் உங்கள் பேட்டரி வகைக்கு ஏற்ற லித்தியம் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது நிரம்பும் வோல்ட்டை நாமே மாற்றி வைக்கும் வசதி இருக்க வேண்டும். கடைக்காரரையே அந்த எண்ணை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது எண்: ஆம்ப். ஒரு வீட்டில் 100 வாட் பேனல் இரண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 வாட். பேட்டரி 12.8 வோல்ட். 200-ஐ 12.8-ஆல் வகுத்தால் 15.6 வரும். கடையில் 10, 20, 30 ஆம்ப் என்று கண்ட்ரோலர் கிடைக்கும். 10 போதாது. 20 ஆம்ப் வாங்க வேண்டும். பேட்டரியின் லேபிளில் அதிகபட்சம் எத்தனை ஆம்ப்பில் சார்ஜ் செய்யலாம் என்றும் இருக்கும். அந்த அளவையும் தாண்டக் கூடாது.

நான்காவது எண்: பேனலின் உச்ச வோல்ட். எதனோடும் இணைக்காதபோது பேனலில் வரும் வோல்ட் இது. பேனலின் பின்பக்கம் வி.ஓ.சி. என்ற எழுத்துக்கு எதிரே இருக்கும். 12 வோல்ட் பேட்டரிக்கான பேனலில் இது சுமார் 22 வோல்ட். இரண்டு பேனலை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 44 வோல்ட். குளிரில் இது இன்னும் ஏறும். ஆகவே கண்ட்ரோலர் தாங்கும் வோல்ட், இதைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்கட்டும். 44 வோல்ட் என்றால் 53 வோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டும். எல்லை மீறினால் கண்ட்ரோலர் கருகிவிடும்.

குளிரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்கிறேன். லடாக், இமாச்சலம் போன்ற இடங்களில் குளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. அங்கே பேட்டரியை வீட்டுக்குள் வைக்க வேண்டும். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதியும் இருக்க வேண்டும்.

எந்த வகை வாங்குவது?

கண்ட்ரோலரில் இரண்டு வகை உண்டு. ஒன்று பி.டபிள்யூ.எம். இது விலை குறைவு. மற்றது எம்.பி.பி.டி. இது விலை அதிகம்.

100 வாட் பேனல் நல்ல வெயிலில் சுமார் 18 வோல்ட், 5.5 ஆம்ப் தரும். பி.டபிள்யூ.எம். அந்த 5.5 ஆம்ப்பை அப்படியே பேட்டரிக்குத் தரும். ஆனால் வோல்ட் பேட்டரியின் மட்டமான 13-க்கு இறங்கிவிடும். 13-ஐ 5.5-ஆல் பெருக்குங்கள். சுமார் 72 வாட்தான். மீதி வீண். எம்.பி.பி.டி. அப்படிச் செய்யாது. கூடுதல் வோல்ட்டை ஆம்ப்பாக மாற்றித் தரும். 90 வாட்டுக்கு மேல் கிடைக்கும்.

அதற்காக எல்லோரும் எம்.பி.பி.டி. வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு 100 வாட் பேனல், இரண்டு விளக்கு, ஒரு செல்போன் என்றால் லித்தியம் அமைப்புள்ள பி.டபிள்யூ.எம். போதும். ஆனால் பெரிய கூரைப் பேனல் வாங்கினால் கணக்கு மாறும். 330 வாட் பேனல் சுமார் 37 வோல்ட், 9 ஆம்ப் தரும். அதை 12 வோல்ட் பேட்டரிக்குப் பி.டபிள்யூ.எம். வழியாக இணைத்தால் சுமார் 117 வாட்தான் கிடைக்கும். மூன்று பங்கில் இரண்டு பங்கு போய்விடும். அங்கே எம்.பி.பி.டி. கட்டாயம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பெட்டிமேல் எம்.பி.பி.டி. என்று அச்சடித்து, உள்ளே பி.டபிள்யூ.எம். வைத்து விற்பதும் உண்டு. உண்மையான எம்.பி.பி.டி.க்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதனால் கைக்குக் கனமாக இருக்கும். பெட்டி லேசாக, விலையும் மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வீட்டில் மாட்டும்போது

முதலில் பேட்டரியைக் கண்ட்ரோலரில் இணைக்க வேண்டும். அப்போதுதான் பேட்டரியின் வோல்ட்டைக் கண்ட்ரோலர் அறிந்துகொள்ளும். பிறகு நிரம்பும் வோல்ட்டைச் சரி பார்க்க வேண்டும். அதன்பின் பேனல். கடைசியில் விளக்கு. கழற்றும்போது வரிசை தலைகீழ்: முதலில் விளக்கு, பிறகு பேனல், கடைசியில் பேட்டரி.

பேட்டரியின் ப்ளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். ப்ளஸ், மைனஸ் மாறிவிடக் கூடாது. இன்வெர்ட்டர் இருந்தால் அதைக் கண்ட்ரோலரின் விளக்கு முனையில் மாட்டாதீர்கள். அது இழுக்கும் ஆம்ப்பைக் கண்ட்ரோலர் தாங்காது. ஃபியூஸ் வைத்து நேராகப் பேட்டரியில்தான் மாட்ட வேண்டும்.

அக்காமார்களே, அண்ணன்மார்களே! முன்பு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கினோம். இன்று எழுத்தும் எண்ணும் நம் கையில் இருக்கின்றன. கடைக்குப் போகும் முன் வீட்டுப் பேனலின் பின்பக்கத்தைப் பாருங்கள். வாட்டையும் உச்ச வோல்ட்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் பேட்டரியின் வோல்ட்டையும், அது நிரம்பும் வோல்ட்டையும், சார்ஜ் ஆகும் ஆம்ப்பையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு கண்ட்ரோலர் பெட்டியோடு ஒப்பிடுங்கள். நான்கும் பொருந்தினால் பணம் கொடுங்கள். பொருந்தாவிட்டால், "அண்ணே, இது எங்கள் பேட்டரிக்கு ஆகாது. வேறு காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் நம்முடையது.

பில் கேட்டு வாங்குங்கள். பேட்டரியின் வகை, வோல்ட், வாரண்டி எத்தனை ஆண்டு என்பதை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்ததை நீங்களே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கடையை விட்டு வாருங்கள்.

நாளை மாலை வரும்போது, உங்கள் வீட்டுப் பேனலில் கண்ட எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். கணக்கை எல்லோரும் சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.