சிறைக்கதவும் நம் வீட்டுக்கதவும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நபி யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமேதுமின்றிச் சிறையில் வாடிய வரலாற்றை நாம் அறிவோம். உடனிருந்து விடுதலையானவர், தம் அரசரிடம் அவர்களைப் பற்றி எடுத்துரைக்க மறந்தார். அதனால் மேலும் சில ஆண்டுகள் அவர்களுக்குச் சிறையிலேயே கழிந்தன. உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவர் மறப்பதன் விளைவு அத்தகையது.

இன்றைய சிறையை அங்கு பணியாற்றுவோரின் இடத்தில் நின்று சற்றுப் பார்ப்போம். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கே இடமிருந்தது. அடைபட்டிருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் நான்கில் மூவர் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்த விசாரணைக் கைதிகள். பணியாளர் இடங்களிலோ ஏறத்தாழப் பத்தில் மூன்று காலி. தலைகளை எண்ணுவது, பூட்டுவது, மனு பார்க்க வருவோரைக் கவனிப்பது, நீதிமன்றத்திற்கு அனுப்புவது என்பதிலேயே காவலரின் பொழுது கழிகிறது. திருத்தும் பணிக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை என்பதே அவர்களது நெடுநாளைய குறை.

ஆயினும் அவர்கள் நம்பிக்கை இழந்துவிடவில்லை. வேலூரில் 1979 முதல் இயங்கிவரும் சிறை நிர்வாகப் பயிற்சி நிலையம், தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குச் சீர்திருத்தப் பணியையும் கற்பிக்கிறது. 1993 முதல் 1995 வரை திகார் சிறையின் பொறுப்பிலிருந்த கிரண் பேடி, கல்வியையும் தியானத்தையும் கைதிகளிடம் கொண்டு சென்றார். தமிழகச் சிறைகளிலும் நெசவு, தையல் போன்ற தொழில்கள் நடைபெறுகின்றன.

ஆனால் தொழிலைத்தான் சிறை கற்றுத்தர இயலும்; வேலையைத் தர வேண்டியது ஊரல்லவா? கதவைத் திறந்துவிடுவது காவலரின் கடமை. வெளியே வந்தவர் எந்தக் கதவைத் தட்டுவது?

குற்றத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. பாதிக்கப்பட்டவரின் கண்ணீரையும் மறக்கவில்லை. ஆயினும் ஜாமீன் கிடைத்தும், பிணை நிற்க ஆளின்றி உள்ளேயே கிடக்கும் ஏழைகள் பலர். ஜாமீன் வழங்கப்பட்டு ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளிவராவிடில், சிறைக் கண்காணிப்பாளர் அதனை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023-இல் பணித்தது. ஏழைக் கைதிகளின் ஜாமீன் தொகைக்கு உதவும் மத்திய அரசின் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. இவற்றை உரிய குடும்பத்திற்கு எடுத்துச் சொல்வதற்கேனும் நாம் முன்வர வேண்டாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். தகுதியுள்ள ஏழைக்குப் பிணை நிற்க முன்வருவோரின் பட்டியலை ஜமாஅத் தயாரிக்கட்டும். சிறையிலிருப்பவரின் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமல் பைத்துல்மால் பார்த்துக்கொள்ளட்டும். கடனாளிகளுக்கும் அடிமைத்தளையிலிருந்து விடுவிப்பதற்கும் ஜகாத்தில் பங்குண்டு. அதனை இக்காரியத்தில் செலவிடும் முறையை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிவோம். திருந்தி வருபவருக்குத் தொழுகையின் ஸஃப்பில் மட்டுமன்றி, நம் கடைகளிலும் பட்டறைகளிலும் இடமளிப்போம்.

சிறையில் தொடங்கும் திருத்தம் நம் மஹல்லாவில்தான் நிறைவுபெறும். வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.