சொந்தக்கால் யாருக்கு இருக்கிறது?

(குழந்தைகள் இல்லங்களிலிருந்து வெளியேறும் இளைஞர்களுக்குத் துணைநிற்க முன்வந்த தோழர்களிடையே கோவில்பட்டியில் பேசியதன் எழுத்து வடிவம்)



இல்லத்தில் வளர்ந்த ஒரு தம்பி, 18 வயது முடிந்ததும் இந்த ஊருக்கு வேலைக்கு வந்தான். கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் சர்டிபிகேட் ஃபைலும்தான். வாடகை அறை தேடி இருவரும் அலைந்தோம். "சொந்த ஊர் எது?" என்றார்கள். சொன்னான். "அங்க எந்தத் தெரு?" என்றார்கள். இந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று கரிசல்காட்டில் பிறந்த நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவில்லை. "இல்லத்துல வளர்ந்தேங்க" என்றான். அறை இல்லையென்று விட்டது. நான்கு வீடுகளில் இதே கதை. ஐந்தாவது வீட்டில், "என் தம்பிதான்" என்று சொல்லி என் தெருவைச் சொன்னேன். அங்கேயும் அறை இல்லை. அவனுக்குச் சாதி தெரியாததால் வீடில்லை, எனக்குத் தெரிந்ததால் வீடில்லை. கடைசியில் எங்கள் காலனியில்தான் அறை கிடைத்தது.

இந்தப் பிள்ளைகளிடம் எல்லோரும் "சொந்தக்காலில் நில்" என்கிறார்கள். இங்கே யார் அப்படி நிற்கிறார்கள்? மில்லில் சேர்த்துவிட ஒரு மாமா இருக்கிறார். அட்வான்ஸுக்குப் பொறுப்பேற்க ஒரு சித்தப்பா இருக்கிறார். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுத இடம் பிடித்துத் தர சொந்தச் சாதிக்காரர் ஒருவர் இருக்கிறார். இத்தனை கைகள் தூக்கிவிட்ட பிறகு அதற்குத் திறமை என்று பெயர் வைக்கிறார்கள்.

சட்டம் என்ன தருகிறது? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 46, இல்லத்திலிருந்து வெளியேறுவோருக்குப் பண உதவி 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. 21 வயது வரை, சிலருக்கு 23 வரை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டு, விடாமல் நடந்து வாங்க வேண்டும்.

சாதிச் சான்றிதழையும் பாருங்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் இடம் உண்டு. ஆனால் பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்திருக்க வேண்டும், வேறு ஆதரவு இருக்கக் கூடாது, அரசின் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்ந்திருக்க வேண்டும். பதினோரு வயதில் இழந்தவள் என்ன செய்வாள்? அம்மா பெயர் மட்டும் தெரிந்தவன்? தாலுகா ஆபீஸில் அவர்களோடு நின்று பேச ஆள் வேண்டும்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்தவன். ஸ்காலர்ஷிப் ஃபாரம் நிரப்பித் தந்ததும், கணக்குத் தொடங்க வங்கிக்குக் கூட வந்ததும் ஒரு சீனியர் அண்ணன். அவர் அறிவுரை சொன்னதாக நினைவே இல்லை. ஆனாலும் லீவு விட்டால் போக எனக்கு ஒரு வீடு இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஆகவே தோழர்களே, அவர்களுக்கு வகுப்பு எடுக்காதீர்கள். அவர்களோடு படம் எடுத்துப் போடாதீர்கள். என்ன சாதியாக இருக்குமென்று மனதுக்குள்கூடத் துருவாதீர்கள். மேஸ்திரி கூலியைப் பிடித்தால் உடன் போய்க் கேளுங்கள். காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோங்கள். தீபாவளிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ராத்திரி போன் வந்தால் எடுங்கள்.

சாதி தன் பிள்ளைகளுக்கு மட்டும் செய்வதை, சாதி கேட்காமல் நாம் செய்வோம். ஆளுக்கு ஒருவர், குறைந்தது மூன்று ஆண்டு. பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள்.

ஜெய்பீம்.