அக்காவுக்கு வந்த உத்தரவு

ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பு உலகறிந்தது. ஆனால், அந்தக் குடும்பம் அவசரமாகத் தலைமறைவானது அவளுடைய அக்கா மார்கோவுக்கு வந்த உத்தரவால்தான்.

1942ஆம் ஆண்டுக் கோடைக்காலம், ஆம்ஸ்டர்டாம் நகரம். ஜூன் 12இல் ஆனுக்கு 13 வயது நிறைந்தது. ஜூலை 5இல், 16 வயது மார்கோவை ஜெர்மனியில் வேலை முகாமுக்கு வரச்சொல்லி நாஜிகளின் ஆணை வந்தது. மறுநாளே மறைவிடம் புகுந்தார்கள். பள்ளிக்கூடம், தோழிகள் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போயின.

அமைதியான அக்கா, துடுக்கான தங்கை, உரசலுக்குக் குறைவில்லை. ஆனாலும் 1944இல், அந்த மறைவிடத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி மனம்விட்டுப் பேசினார்கள். பின்னர் நாஜிகளிடம் பிடிபட்டு, 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் இருவரும் இறந்தார்கள்.

அக்கா தங்கை சண்டையை அதட்டி அடக்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் தனியே மனம்விட்டுப் பேச நேரமும் கொடுங்கள்.