கிரகணமும் பாலபாடமும்

ஆஸ்திரேலியாவில் நித்திரையை விட்டு இணைந்திருப்பவர்களுக்குத் தனி நன்றி.

நான் பேசுவது கொலோனிலிருந்து. ஜேர்மனியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்கச் சட்டம் இடம் தராது. மதப்பற்று மிகுந்த கிறிஸ்தவத் தம்பதி ஒன்று இதை எதிர்த்து ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2006இல் அங்கும் தோற்றது. அவர்களுக்குப் பாடங்கள் கிடைத்தது எங்கள் மாநிலத்து சீகன் நகர நிறுவனம் ஒன்றிலிருந்து. அரசுப் பள்ளிப் புத்தகங்களோடு, மத நம்பிக்கையை ஊட்டவென்றே தயாரித்த பாடங்களும் அதில் இருந்தன. பள்ளியில் அவர்களுக்கு ஒவ்வாதவை பாலியல் கல்வியும், கதைகளில் வரும் சூனியக்காரிகளும் குள்ளர்களும். கிரிம் சகோதரர்கள் பிறந்த நாட்டில்!

நாங்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கதை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் அமெரிக்க மிஷனரிகள் கணிதமும் வானியலும் நன்றாகவே கற்பித்தார்கள். புராணப் பூகோளம் சரிந்தால் சைவமும் சரியும் என்பது அவர்களின் கணக்கு. 1829இல் ஒரு சந்திர கிரகணம். அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பில் பிழை இருக்கிறது என்றார் டானியல் பூவர். ஊர் பார்த்திருக்க, பூவரின் கணக்கே பலித்தது. வானியல் சரிதான். ஆனால் கிரகண நேரம் சரியாக வந்ததால் வேதாகமம் மெய்யாகிவிடுமா? அந்தத் தாவலைத்தான் பாடத்துக்குள் ஒளித்து வைத்தார்கள்.

ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளியில் படித்தவர், பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அவர்களின் படிநிலை வாசிப்புப் புத்தகம், வினாவிடை, அச்சகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி, பிறகு பாலபாடங்கள். அந்த உரைநடைக்கு நான் அடிமை, மறைக்க மாட்டேன். ஆனால் மிஷனரி செய்ததையே அவரும் செய்தார்: எழுத்துப் படிக்க வந்த பிள்ளை சமயத்தையும் சேர்த்தே விழுங்கியது.

என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பாலபாடத்தின் ‘புலாலுண்ணல்’ பகுதியை வாசித்தோம். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையொன்று கேட்டது: “டீச்சர், இது தமிழ்ப் பாடமா, சமய பாடமா?” சைவப் பிள்ளைகள் ஒருவருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. வராததுதான் எனக்கு யோசனையைத் தந்தது.

இப்போது சின்ன வகுப்பில் பாலபாடம் இல்லை. பெரிய பிள்ளைகளோடு வாசிக்கிறேன், பூவரின் கிரகணக் கதையையும் பக்கத்தில் வைத்து. சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைகளை மட்டும் இன்னும் அனுப்புகிறார்கள்.

கேள்விகளுக்குப் போவோம்.